நிற்கிறது, ஆனால் இயங்கவில்லை



ரோலர் கோஸ்டர்களைத் தேடிச் சென்று ஏறிப் பார்ப்பதையும், அவற்றின் விவரங்களைப் பதிவு செய்து வைப்பதையும் பெரும் ஈடுபாட்டோடு செய்துவரும் அன்பர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். எது எந்த ஆண்டில் திறக்கப்பட்டது, யார் கட்டினார்கள், உயரம் என்ன, வேகம் என்ன, இன்றைய நிலை என்ன என்பதையெல்லாம், ஒரு திருச்சபை தன் ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் பேணுவது போல அவர்கள் பேணி வருகிறார்கள். இயங்குகின்றவற்றுக்கு ஒரு குறிப்பு உண்டு. பிரித்து அகற்றப்பட்டவற்றுக்கு ஒரு குறிப்பு உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ‘நிற்கிறது, ஆனால் இயங்கவில்லை’ என்பதே அது.

இக்குறிப்பை முதன்முதலாக வாசித்தபோது, ஒரு போதகனின் மனம் எங்கே சென்றிருக்கும் என்பதை நீங்கள் எளிதில் ஊகிக்கலாம். சர்தை சபைக்கு எழுதப்பட்ட நிருபம் உடனே நினைவுக்கு வந்தது. அதை வைத்து ஒரு பிரசங்கத்தை அங்கேயே தொடங்கி அங்கேயே முடித்தும் விடலாம். ஆயினும், இப்படி நிற்பவை ஏன் நிற்கின்றன, அவற்றை ஏன் ஒருவரும் ஓட்டுவதுமில்லை, அகற்றுவதுமில்லை என்று மேலும் வாசித்தபோது, அந்த எளிய பிரசங்கம் போதாது என்று தோன்றியது. குறிப்பாக, சூதாட்ட விடுதிகளோடு சேர்த்துக் கட்டப்பட்ட ரோலர் கோஸ்டர்களின் கதை தனியானது. அவை எதற்காக எழுப்பப்பட்டனவோ, அந்த நோக்கமே பிற்காலத்தில் அவற்றின் முடிவையும் தீர்மானித்தது. இந்த வாரம் அதைக் குறித்துச் சிந்திப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கலிபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் அழைப்பின்பேரில் அங்கே சென்றிருந்தேன். ஒருநாள் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லாஸ் வேகாஸ் நகரத்துக்குக் காரில் பயணம் செய்ய நேர்ந்தது. மோஹாவே பாலைவனத்தின் ஊடே பல மணி நேரப் பயணம். நெவாடா மாநிலத்தின் எல்லையை நெருங்கும்போது, வறண்டு கிடக்கும் ஓர் ஏரிப்படுகைக்கு அப்பால் சில பெரிய விடுதிகள் தென்பட்டன. அவற்றில் ஒன்றைச் சுற்றி வளைத்துக்கொண்டு, வானத்தை நோக்கி ஏறி இறங்கும் தண்டவாளம் ஒன்றும் தெரிந்தது. அந்த ஊரின் பெயர் பிரிம். அந்த விடுதியின் பெயர் பஃபலோ பில்ஸ். அந்த ரோலர் கோஸ்டரின் பெயர் டெஸ்பராடோ. அது ஓடவில்லை.

காரை ஓட்டிய சகோதரர் சொன்னார்: “பாஸ்டர், எங்கள் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது இந்த இடத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. தூரத்தில் இதைப் பார்த்தவுடனேயே நிறுத்தச் சொல்லிப் பின்னிருக்கையில் சத்தம் கிளம்பிவிடும். ஏறுகிற இடம் கட்டடத்துக்குள்ளேதான் இருந்தது. சூதாட்ட இயந்திரங்களின் ஓசையைக் கேட்டுக்கொண்டேதான் அங்கே போகவேண்டும்.”

அவர் சாதாரணமாகச் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது.

நெவாடா மாநிலம் 1931ஆம் ஆண்டில் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. பிரிம் என்பது கலிபோர்னியா எல்லையை ஒட்டி, லாஸ் வேகாஸுக்குச் சுமார் 64 கிலோமீட்டர் முன்னதாக அமைந்த இடம். நகரத்துக்குப் போகிறவர்களுக்கு அதுவே முதல் வாசல். திரும்புகிறவர்களுக்கு அதுவே கடைசி வாசல். 1977இல் விஸ்கி பீட்ஸ் என்னும் விடுதி அங்கே திறக்கப்பட்டது. 1990இல் இரண்டாவது விடுதி வந்தது. 1994இல் மூன்றாவதாகப் பஃபலோ பில்ஸ் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் டெஸ்பராடோவும் ஓடத் தொடங்கியது.

அது அற்பமான ஒன்றாக இருக்கவில்லை. அதன் உயரம் 209 அடி. முதல் சரிவு 225 அடி. அதாவது, பெட்டிகள் உச்சியிலிருந்து கீழே பாய்ந்து, தரைமட்டத்துக்கும் கீழே சென்று மீண்டும் எழும். வேகம் மணிக்கு ஏறத்தாழ 129 கிலோமீட்டர். தண்டவாளத்தின் நீளம் 5,843 அடி. திறக்கப்பட்ட காலத்தில் உலகின் மிக உயரமான, மிக வேகமான ரோலர் கோஸ்டர்களின் வரிசையில் அதற்கு இடம் இருந்தது. அதைக் கட்டிய ஆரோ டைனமிக்ஸ் என்னும் நிறுவனமும் எளிய நிறுவனம் அன்று. 1959இல் டிஸ்னிலேண்டில் திறக்கப்பட்ட மேட்டர்ஹார்ன் என்னும் ஊர்திக்காக, குழாய் வடிவ எஃகுத் தண்டவாளத்தை முதன்முதலாகச் செய்து, அத்துறையையே மாற்றியவர்கள் அவர்கள்.

எனினும், டெஸ்பராடோவில் ஏற வருகிறவர் கொடுக்கும் கட்டணத்தை நம்பி அந்த விடுதி கட்டப்படவில்லை. பாலைவன நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் கார் ஒன்று நிற்க வேண்டும். பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைகள் அதைக் கண்டு நிறுத்தச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வரிசையில் நிற்கையில் பெரியவர்கள் மேசைக்கோ இயந்திரத்துக்கோ செல்ல வேண்டும். நெவாடாவின் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர்கள் சூதாட முடியாது. ஆகவே, சூதாட முடியாத பிள்ளையைக் கொண்டு, சூதாடக்கூடிய தகப்பனை அழைத்து வரும் ஏற்பாடாக அது இருந்தது. மீன் பிடிக்கிறவர்களின் மொழியில் சொன்னால், அது தூண்டிலில் கோத்த இரை. இரை எவ்வளவு கொழுத்ததாக இருந்தாலும், மீனவனின் கண் அதன்மேல் இல்லை.

இது பிரிம் என்னும் சிற்றூரில் மட்டும் நடந்ததன்று. 1990களின் தொடக்கத்தில் லாஸ் வேகாஸ் நகரமே குடும்பங்களை அழைக்கும் முயற்சியில் இறங்கியிருந்தது. 1993இல் சர்க்கஸ் சர்க்கஸ் விடுதி, கூரையிட்ட பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றைத் திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் எம்ஜிஎம் கிராண்ட் விடுதி, தன் பின்புறத்தில் 33 ஏக்கர் பரப்பில் ஒரு பூங்காவோடு திறக்கப்பட்டது. ஏழு ஆண்டுகளுக்குள் அந்தப் பூங்கா பொதுமக்களுக்கு மூடப்பட்டது. அதன் நிலத்தில் பின்னர் அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுந்தன. குடும்பத்தோடு வருகிறவர் ஊஞ்சலிலும் ராட்டினத்திலும் செலவிடும் நேரம், சூதாட்ட மேசையிலிருந்து கழிக்கப்படும் நேரம் என்று கணக்குப் பார்க்கப்பட்டபோது, பிள்ளைகளுக்கான வரவேற்பு மெல்லக் குளிர்ந்தது.

அந்நகரில் மறைந்துபோன இரண்டு ரோலர் கோஸ்டர்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

முதலாவது, ஸ்ட்ராட்டோஸ்பியர் கோபுரத்தின் உச்சியில் இருந்தது. 1,149 அடி உயரமுள்ள அந்தக் கோபுரத்தை எழுப்பும் கனவைக் கண்டவர் பாப் ஸ்டூபாக் என்னும் சூதாட்ட விடுதி அதிபர். 1996 ஏப்ரலில் கோபுரம் திறக்கப்பட்டது. தரையிலிருந்து 909 அடி உயரத்தில், கோபுரத்தின் தலையைச் சுற்றி ஒரு மாலை போல ஓடிய அந்த ரோலர் கோஸ்டருக்கு ‘ஹை ரோலர்’ என்று பெயரிட்டார்கள். பெருந்தொகை வைத்துச் சூதாடுகிறவரை அவ்வூரில் அழைக்கும் பெயர் அது. பெயரிலேயே நோக்கம் எழுதப்பட்டிருந்தது. அவ்வளவு உயரத்தில் இருந்தும், அது மெதுவாகவே சுற்றி வந்தது. உயரம் தந்த நடுக்கத்துக்கு அப்பால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று ஏறியவர்கள் சொன்னார்கள். கோபுரத்தை நடத்திய நிறுவனமோ, திறந்து ஓராண்டு நிறைவதற்குள், 1997 ஜனவரியில், திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. ஹை ரோலர் 2005 டிசம்பர் இறுதியில் நிறுத்தப்பட்டு, பின்பு துண்டு துண்டாகப் பிரித்துக் கீழே இறக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் உலகின் தலைக்குமேல் ஓடிய அது, வேறெந்த ஊரிலும் மறுபடி ஓடவில்லை. 2014இல் அதே நகரத்தில் திறக்கப்பட்ட மாபெரும் ராட்டினம் ஒன்றுக்கு அந்தப் பெயர் மட்டும் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது, சஹாரா விடுதியில் இருந்தது. 1952இல் தொடங்கப்பட்ட பழைமையான விடுதி அது. தன் முதுமையை மறைக்க விரும்பியோ என்னவோ, 2000ஆம் ஆண்டில் ‘ஸ்பீட்’ என்னும் ரோலர் கோஸ்டரை அது திறந்தது. சங்கிலியால் இழுத்து ஏற்றுவதற்குப் பதிலாக மின்காந்த விசையால் பெட்டிகளை உந்தித் தள்ளும் முறை அதில் இருந்தது. மணிக்கு ஏறக்குறைய 112 கிலோமீட்டர் வேகத்தில் அது வெளியே பாய்ந்து, விடுதியின் பெயர்ப்பலகையின் ஊடே நுழைந்து, 224 அடி உயரமுள்ள செங்குத்தான தண்டவாளத்தில் ஏறும். அங்கே தண்டவாளம் முடிந்துவிடும். வேகம் தீர்ந்து ஒரு கணம் நின்று, வந்த வழியெல்லாம் பின்னோக்கியே ஓடிப் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரும். 2011 மே 1ஆம் தேதி அது நிறுத்தப்பட்டது. இரண்டு வாரங்கள் கழித்து, மே 16ஆம் தேதி, விடுதியே மூடப்பட்டது. கட்டில்களும் விளக்குகளும் நாற்காலிகளும் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 2014இல் வேறு பெயரில் விடுதி மீண்டும் திறக்கப்பட்டது. 2019இல் சஹாரா என்னும் பழைய பெயரும் திரும்பி வந்தது. ரோலர் கோஸ்டர் திரும்பவில்லை.

பூங்கா ஒன்று மூடப்படும்போது அங்குள்ள ரோலர் கோஸ்டர்கள் எல்லாமே அழிந்துபோவதில்லை. எஃகுத் தண்டவாளம் பெரும்பாலும் பகுதி பகுதியாகச் செய்யப்பட்டு, திருகாணிகளால் இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் எண் இட்டுப் பிரித்து, லாரிகளில் ஏற்றி, வேறு ஊரில் மீண்டும் நிறுத்தலாம். அப்படி இரண்டு மூன்று நாடுகளைப் பார்த்த ரோலர் கோஸ்டர்களும் உண்டு. ஆனால் கோபுரத்தின் தலைக்கு அளவெடுத்துச் செய்த மாலையை வேறு எந்தத் தலைக்குச் சூட்டுவது? விடுதியின் பெயர்ப்பலகைக்குள் நுழைந்து வெளிவரும் பாதையை வேறு எங்கே பொருத்துவது? டெஸ்பராடோவும் கட்டடத்துக்குள்ளிருந்து புறப்பட்டு, கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியேறிச் செல்வது. விடுதியின் உடம்போடு ஒட்டி வளர்ந்த ஒன்றுக்கு, அந்த விடுதிக்கு அப்பால் ஒரு வாழ்வு கிடைப்பது அரிது.

இனி, டெஸ்பராடோவுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பூர்வகுடி மக்களின் நிலங்களில் நெவாடாவில் உள்ளவை போன்ற சூதாட்ட அரங்குகளை நடத்தக் கலிபோர்னிய வாக்காளர்கள் அனுமதி அளித்தார்கள். அதன்பின், தெற்குக் கலிபோர்னியாவில் வாழ்கிறவர் சூதாடுவதற்காகப் பாலைவனத்தைக் கடக்க வேண்டிய அவசியம் குறைந்தது. எல்லைக்கோட்டில் நின்றதே பிரிமின் பலம். அந்தக் கோடு பொருளிழந்தபோது அதன் பலமும் போயிற்று. விடுதிகள் கைமாறின. 1999இல் எம்ஜிஎம் கிராண்ட் நிறுவனம் அவற்றை வாங்கியது. 2007இல் வேறொரு நிறுவனத்துக்கு விற்றது. ரோலர் கோஸ்டரைக் கட்டிய ஆரோ நிறுவனமும் 2001இல் திவாலாகி, அதன் சொத்துகள் மறு ஆண்டு வேறொருவருக்குச் சென்றன.

2020 மார்ச்சில் கொள்ளைநோயின் காரணமாக நெவாடாவின் சூதாட்ட விடுதிகள் அனைத்தும் மூடப்பட்டன. பஃபலோ பில்ஸ் மீண்டும் திறக்க 2022 டிசம்பர் வரை ஆயிற்று. அறைகளில் விளக்கு எரிந்தது. சூதாட்ட இயந்திரங்களும் ஒலித்தன. டெஸ்பராடோ மட்டும் அசையாமல் நின்றது. 2024இன் இறுதியில் விஸ்கி பீட்ஸ் மூடப்பட்டது. 2025 ஜூலையில் பஃபலோ பில்ஸும் தன் அன்றாடச் செயல்பாட்டை நிறுத்திக்கொண்டு, நிகழ்ச்சிகள் உள்ள நாட்களில் மட்டும் திறக்கும் இடமாயிற்று.

ரோலர் கோஸ்டர் ஒன்றை ஓட்டுவது என்பது விசையை அழுத்துவது மட்டுமன்று. ஒவ்வொரு நாளும் திறப்பதற்கு முன்பு பணியாளர்கள் தண்டவாளத்தையும் திருகாணிகளையும் சக்கரங்களையும் பிரேக்குகளையும் சோதிக்க வேண்டும். காலிப் பெட்டிகளை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் அச்சுகளைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டா என்று ஆராய வேண்டும். இவ்வளவையும் செய்ய அதன்மேல் யாருக்காவது அக்கறை இருக்க வேண்டும். அதை ஓட்டுவதற்குப் பணம் வேண்டும். அதை இடிப்பதற்கும் பணம் வேண்டும். சும்மா நிற்க விடுவதே எல்லாவற்றிலும் மலிவானது. ‘நிற்கிறது, ஆனால் இயங்கவில்லை’ என்னும் குறிப்புக்குப் பின்னால் உள்ள கணக்கு இதுதான்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைக் குறித்து ஆண்டவர் சொன்ன உவமையை நாம் நன்கு அறிவோம். கட்டி முடிக்கத் தன்னிடம் போதுமானது இருக்கிறதா என்பதே அங்கே எழும் கேள்வி. இந்தப் பாலைவனக் கோபுரங்களைக் கட்டியவர்கள் அந்தக் கணக்கைச் சரியாகவே பார்த்தார்கள், கட்டியும் முடித்தார்கள். அவர்கள் கணக்கில் வராமல் போனது, இதன் தேவை தீர்ந்த நாளில் இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்னும் கேள்வி. அந்த நாளின் செலவை வேறு யாரோ சுமக்கிறார்கள். பிரிமில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த விடுதிகளில் வேலை பார்த்தவர்கள். படுக்கை விரித்தவர்கள், சமைத்தவர்கள், இரவெல்லாம் சீட்டுப் பகிர்ந்தவர்கள், டெஸ்பராடோவின் சக்கரங்களுக்கு எண்ணெயிட்டவர்கள். அந்தப் பாலைவனத்தில் வேறு வேலையை எங்கே தேடுவது?

எல்லாக் கதைகளும் இப்படி முடிந்தன என்று சொல்வது நியாயமாகாது. லாஸ் வேகாஸில் நியூயார்க்-நியூயார்க் விடுதியைச் சுற்றி 1997இல் ஓடத் தொடங்கிய ரோலர் கோஸ்டர் இன்னும் ஓடுகிறது. சர்க்கஸ் சர்க்கஸின் கூரைக்குக் கீழே 1993இல் தொடங்கியதும் ஓடுகிறது. கூட்டம் வருகிற வரையில், அக்கறையும் தொடரும். மலேசியாவில் வாழும் நம் வாசகர்களுக்கு இன்னொரு நினைவும் எழும். கெந்திங் மலையுச்சியில், சூதாட்ட விடுதியின் அருகே இருந்த பழைய திறந்தவெளிப் பூங்கா 2013 செப்டம்பரில் மூடப்பட்டது. அங்கிருந்த ரோலர் கோஸ்டர்கள் அகற்றப்பட்டன. அதே இடத்தில் புதிய பூங்கா எழுந்து, நீண்ட தாமதங்களையும், அமெரிக்க நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட ஒரு பெரிய வழக்கையும் கடந்து, 2022 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. பழைய பூங்காவுக்குப் பள்ளி விடுமுறையில் பேருந்து ஏறிச் சென்ற தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். மூடுபனிக்கு நடுவே கைகளை உயர்த்திக் கூச்சலிட்ட அந்தப் பிள்ளைகளுக்கு, அருகிலிருந்த கட்டடத்தில் என்ன நடக்கிறது என்பது ஒரு பொருட்டே அன்று.

இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். விடுதியின் கணக்குப் புத்தகத்தில் அது இரைதான். ஆனால் அந்தப் பிள்ளையின் மகிழ்ச்சி இரையன்று. அது மெய்யான மகிழ்ச்சி. அந்தத் தண்டவாளத்தை வளைத்தவர்களின் திறமையும் மெய்யானது. முதலில் குறிப்பிட்ட அந்த அன்பர்கள், ஓடாத டெஸ்பராடோவை இன்றும் மறக்காமல் பதிவேட்டில் வைத்திருப்பதற்குக் காரணம் என்ன? அவர்கள் அதை வேறு எதற்கும் வழியாகக் கொள்ளவில்லை. அதை அதற்காகவே நேசித்தார்கள். உடைமையாளர்கள் பலமுறை மாறினாலும், உடைமையாளர் அல்லாத இவர்களே அதன் உயரத்தை அடிக்கணக்கில் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பது வேறு, அதைப் பேணுவது வேறு.

இதையெல்லாம் நான் எழுதுவதற்கு அருகிலேயே ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் ஆலய வளாகத்தில் பதினான்கு ஆண்டுகளாக மாலைநேரப் படிப்பு வகுப்பு ஒன்று நடந்து வருகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும், கல்லூரியில் படிக்கும் இளைஞர் சிலரும் அதை நடத்துகிறார்கள். சுற்றியுள்ள தெருக்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். இப்போது அந்த அறையின் கூரை ஒழுகுகிறது. பழுதுபார்க்கும் செலவு சிறியதன்று. சென்ற மாதம் நடந்த குழுக் கூட்டத்தில், சபையின்மேல் மெய்யான பாரமுள்ள மூப்பர் ஒருவர் கேட்டார்: “பாஸ்டர், இத்தனை வருஷத்தில் இந்த வகுப்பிலிருந்து எத்தனை பேர் நம் சபைக்கு வந்திருக்கிறார்கள்?”

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. காணிக்கைப் பணத்தைக் காக்கும் பொறுப்பு அவருடையது. அந்தக் கேள்விக்கு எண்ணிக்கையில் விடை சொன்னால், ஒரு கையின் விரல்களே அதிகம். எனினும், அந்தக் கேள்வியை நாம் ஏற்றுக்கொண்ட மறுகணமே, அந்த வகுப்பு வேறு ஒன்றாகிவிடுகிறது. பின்னத்தைப் புரியாமல் அழுத பிள்ளைக்கு அந்த அம்மா பொறுமையோடு சொல்லிக் கொடுத்த ஒவ்வொரு மாலையும், வேறு எதற்கோ போடப்பட்ட இரையாகிவிடுகிறது. அப்படியானால், மீன் வராத நாளில் அதை மூடுவதே சரியான கணக்கு. அதை மூடாமலும் நடத்தாமலும், அறையின் வாசலில் பெயர்ப்பலகையை மட்டும் விட்டுவைப்பது இன்னும் மலிவான கணக்கு.

வருகிற மாதக் கூட்டத்தில் இதைக் குறித்து முடிவெடுக்க வேண்டும். என் விண்ணப்பத்தை இங்கே வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். கூரையைப் பழுதுபார்க்க நம்மிடம் பணம் இல்லை என்றால், அதைப் பிள்ளைகளின் பெற்றோரிடம் நேர்மையாகச் சொல்லி, அவர்களுக்கு வேறோர் இடம் தேடிக் கொடுத்து, அந்த ஆசிரியைக்குச் சபையின் முன்பாக நன்றி கூறி நிறுத்துவோம். பணம் இருக்கிறது என்றால், பிள்ளைகள் படிக்கிறார்கள் என்னும் ஒரே காரணத்துக்காக அதைத் தொடர்ந்து நடத்துவோம். எத்தனை பேர் நம்மிடம் வந்தார்கள் என்னும் எண்ணிக்கையை அந்த அறைக்குள் கொண்டுவர வேண்டாம். ஆண்டவர் பத்துக் குஷ்டரோகிகளைச் சொஸ்தமாக்கினார். திரும்பி வந்தவன் ஒருவனே. மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பிரியமானவர்களே, இது சபைகளுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. நம் வீடுகளிலும் இப்படி எழுப்பப்பட்டவை உண்டு. பின்னால் ஓர் உதவி தேவைப்படும் என்று எண்ணி வளர்க்கப்பட்ட நட்பு, உதவி கிடைத்த பின்பு என்னவாகிறது? சொத்துப் பத்திரம் கைக்கு வரும்வரை முதியவரிடம் காட்டப்பட்ட பரிவு, பத்திரம் பதிவான மறுநாள் என்னவாகிறது? மதிப்பெண்ணை வாங்குவதற்காகவே பிள்ளைமேல் பொழியப்பட்ட பாராட்டு, மதிப்பெண் குறைந்த ஆண்டில் எங்கே போகிறது? அவை ஒரே நாளில் இடிந்து விழுவதில்லை. பண்டிகைக்கு வாழ்த்து வரும். கல்யாணப் பத்திரிகையும் வரும். உறவு நின்றுகொண்டுதான் இருக்கும். ஆனால் இயங்காது. அதைப் புதுப்பிக்கவும் மனமில்லை, முறித்துக்கொள்ளவும் துணிவில்லை. அப்படியே விட்டுவிடுவது மலிவாக இருக்கிறது.

ஆகவே, இந்த வாரத்தில் இரண்டு காரியங்களைச் செய்து பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, உங்கள் வாழ்வில் நின்றுகொண்டிருந்தும் இயங்காமல் இருக்கும் ஓர் உறவையோ, ஒரு பொறுப்பையோ எண்ணிப் பாருங்கள். அது தொடங்கியபோது எதற்காகத் தொடங்கியது என்று கேட்டுப் பாருங்கள். வேறு எதற்கோ வழியாகத் தொடங்கியிருந்தாலும், அதை அதற்காகவே நேசிக்க இன்றைக்கும் வழி இருக்கிறது. எஃகுக்கு அந்த வாய்ப்பு இல்லை, மனிதர்களுக்கு உண்டு. இரண்டாவது, உங்களுக்கு எந்தப் பயனும் தரமுடியாத ஒருவருக்கு, எந்தக் கணக்கும் வைக்காமல், ஒரு நன்மையைச் செய்யுங்கள். அதைச் செய்து முடித்தபின் திரும்பிப் பார்க்காதீர்கள்.

ஜெபிப்போம்: எங்களை எதற்கும் இரையாக்காமல், எங்களுக்காகவே எங்களை நேசிக்கிற பரம பிதாவே, நீர் எங்களிடம் அனுப்புகிற மனிதர்களை நாங்களும் அவ்விதமே நேசிக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். மூடப்பட்ட இடங்களில் வேலை இழந்து நிற்கும் குடும்பங்களைத் தாங்கும். எங்கள் கைகளில் நீர் ஒப்புவித்ததைப் பேணும் கிருபையைத் தாரும். ஆமென்.